முதலில் நீ போ

நோட்புர்காவுக்குத் தட்டிக்கொடுத்தால் பிடிக்காது. அதட்டினால் அறவே பிடிக்காது. டிரோல் மலையில், இன்னர்ஃபால் ஊரின் பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டுகிறவள். பனிக்காலத்தில் சம்பளமில்லாத இன்னொரு வேலையும் உண்டு. ஏறும்போது வழுக்காதிருக்கச் சறுக்குப்பலகையின் அடியில் ரோமப் பட்டையை ஒட்டிக்கொண்டு, விடிந்ததும் ஊருக்கு மேலே ஏறி, பனி சரியுமா என்று தோண்டிப் பார்த்து வந்து சொல்வாள். இருபத்திரண்டு வருடமாக இதேதான்.

மேயர் ரோமெட், சறுக்க வருகிறவர்களை மலைமேல் ஏற்றும் லிஃப்டை நடத்தும் கசியான், இவள் என்று மூன்று பேர் குழு. இருவர் கையெழுத்துப் போட்டால் மேல்சரிவின் அடியில் போகும் சறுக்குப் பாதை திறந்துவிடும். அந்தப் பாதை முடிகிற இடத்தில்தான் ரோமெட்டின் விடுதி. திருவிழா விடுமுறை வாரம். ஓர் அறைகூடக் காலி இல்லை.

அன்று காலை அவள் காலடியில் பனி 'உம்' என்று அமுங்கியது. பலகையின் நுனியிலிருந்து விரிசல் ஓடியது. குழி வெட்டி, பனித்தூணின் மேல் மண்வெட்டியை வைத்துத் தட்டினாள். மூன்றாம் தட்டிலேயே மேல்பாளம் வழுக்கி மடியில் விழுந்தது. அடியில் சர்க்கரையாகப் பொலபொலவென்று பிடிப்பில்லாத பனி. மேல்சரிவின் பாறைக்குக் கீழே இரவில் இறங்கிய சின்னப் பனிச்சரிவுகள் மூன்று கிடந்தன.

ஊர் மண்டபத்தில் இதைச் சொன்னபோது ரோமெட் சிரித்தான். அந்தச் சரிவில் ஒரு பூனைகூடப் புதையாது என்றான். கசியான் தலையைக் குனிந்தபடி, ரோமெட்டுக்கு அடுத்துக் கையெழுத்துப் போட்டான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இனி வாதாடிப் பயனில்லை. ஆனால் முதல் கையெழுத்துப் போட்டவர்தான் அன்று முதல் ஆளாகப் பாதையில் சறுக்க வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். பல வருடமாக அதை யாரும் ஞாபகப்படுத்தியதில்லை. வாசலில் இருந்த ரோமெட்டின் பலகைகளை எடுத்து வந்து மேஜைமேல் போட்டாள்.

"முதல் கையெழுத்து உன்னுதுதானே? கெளம்பு."

"பயமுறுத்திப் பாக்கறியா?"

"நான் ஏன் பயமுறுத்தணும்? பூனைகூடப் புதையாதுன்னு நீதானே சொன்னே."

லிஃப்டில் ஏறிப் பாதை தொடங்கும் இடத்துக்குப் போனார்கள். ரோமெட் பலகையை மாட்டினான். சரிவை அண்ணாந்து பார்த்தான். பாறைக்கு அடியிலிருந்து நாலாவதாக ஒரு சின்னப் பனிச்சரிவு, மாவு கொட்டுவதுபோல் சத்தமில்லாமல் இறங்கி நின்றது. அவன் கைத்தடியை ஊன்றவேயில்லை. வெகுநேரம் கழித்துப் பலகையைக் கழற்றி, தன் கையாலேயே பாதைக்குக் குறுக்கே தடுப்புக் கம்பை இழுத்துப் போட்டான்.

ஐந்து நாள் பாதை மூடியே கிடந்தது. பெரிய பனிச்சரிவு வரவேயில்லை. பகலில் இளகி இரவில் இறுகிப் பனியும் பிடித்துக்கொண்டது. ரொட்டிக்கடையில் எல்லோரும் அவளைக் கிண்டல் செய்தார்கள். அவள் மன்னிப்பும் கேட்கவில்லை, விளக்கமும் சொல்லவில்லை. ஆறாம் நாள் காலை மண்வெட்டியோடு புறப்பட்டவளை ரோமெட் வழிமறித்தான்.

"உன் சரிவு அப்படியே மேலதான் இருக்கு, பாத்தியா?"

"ஆமா," என்றாள். "நீயும் இருக்கே."