ஒருவரிடமும் போகாத பயணங்கள்

கனடாவில், பார்க்டேலில் நாங்கள் இருந்த தொடர்மாடியில் எட்வேட்டையும் கிளடிசையும் தெரியாத தமிழர் இல்லை. ஆனால் அவர்கள் வீட்டுக்குள் போய் இருந்து தேத்தண்ணி குடித்தவள் நான் ஒருத்திதான். எட்டாம் மாடியில் அடுத்தடுத்த கதவு. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டால் பின்னேரம்வரை எனக்குத் துணை அந்த நடுச்சுவர். அந்தப் பக்கம் கிளடிஸ் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டால், சரி, ஒரு மனுசி இருக்கிறாள் என்று இருக்கும்.

எட்வேட்டுக்குப் பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலை. கிளடிஸ் ஒரு முதியோர் இல்லத்தில் துணி தோய்த்தாள். ஊரில் குருநகர் ஆட்கள், கிறிஸ்தவ வேதக்காரர். பிள்ளைகள் இல்லை. கனடாப் பாஸ்போட் கையில் கிடைத்த பிறகு, தொண்ணூற்றொன்றிலிருந்து ஒவ்வொரு செப்டெம்பரும் பன்னிரண்டு நாள் ஐரோப்பாவுக்குப் போவார்கள். ஒருமுறைக்கு ஒரு ஊர், மிஞ்சினால் இரண்டு. எல்லாம் பழைய ஊர்கள். பெல்ஜியத்தில் புரூஜ், இத்தாலியில் சியென்னா, பிறகு பிராக்.

"ஒரு நாளைக்கு ஒரு தெருதான் அக்கா," என்பாள் கிளடிஸ். "அதுக்கு மேலை இவருக்கு முழங்கால் விடாது. நாங்கள் என்ன, பிடிச்சுத் தள்ளுறதுக்கு ஆரும் பின்னாலை வருகினமோ?"

எங்கள் சனம் ஐரோப்பா போவது வேறு மாதிரி. பெட்டி நிறைய மிளகாய்த்தூள். பாரிசில் மாமி வீடு, ஜேர்மனியில் சித்தப்பா வீடு, சுவிசில் பெரியபிள்ளையான ஒருத்தியின் சாமத்தியவீடு. கோபுரம் ஏதும் வழியில் வந்தால் கார்க் கண்ணாடிக்குள்ளால் பார்ப்பார்கள். ஆகவே திரும்பி வந்தவர்களைக் கேட்கும் முதற் கேள்வி, "ஆரிட்டைப் போனனீங்கள்?" என்பதுதான். எட்வேட் "ஒருத்தரிட்டையும் இல்லை, ஊர் பாக்கப் போனனாங்கள்" என்றால் ஒருவரும் நம்பவில்லை.

"வருசா வருசம் போகினம். ஒரு சொந்தமும் இல்லை, ஒரு கலியாணவீடும் இல்லை," என்று லிப்ட்டுக்குள் வைத்துக் கீழ்மாடி விநாயகமூர்த்தி என்னிடம் சொன்னார். "ஏஜென்சி வேலைதான். ஆள் கடத்துகினம்."

"உமக்கு விசர்," என்றேன். ஆனாலும் கதை பரவிவிட்டது. ஒருநாள் குணவதி என்ற பிள்ளை, ஜேர்மனியில் நிற்கிற தம்பியின் படத்தோடு வந்து, "அன்ரி, இவனையும் எப்பிடியாவது கொண்டுவந்து விடுங்கோ" என்று கிளடிசின் கையைப் பிடித்தாள். கிளடிஸ் அவளை இருத்தி அல்பம் முழுவதையும் புரட்டிக் காட்டினாள்.

"பாரும் பிள்ளை. முழுக்கக் கல்லும் கோபுரமும்தான். கூட்டிக்கொண்டு வாறதுக்கு இதிலை ஒரு மனிசரைக் காட்டும் பாப்பம்."

அந்தப் பிள்ளை போன பிறகு நான் கேட்டேன்: "உண்மையாய் ஐரோப்பாவிலை உனக்கு ஒருத்தரும் இல்லையோ?"

அப்போதுதான் சொன்னாள். பாரிசில் கூடப்பிறந்த அக்கா றெஜினா இருக்கிறாள். முதல் பயணம் அவளிடம் போகத்தான் புறப்பட்டது. ரிக்கற் எல்லாம் எடுத்தபிறகு ரெலிபோனில் றெஜினா, "வந்தால் எங்கை படுக்கிறது?" என்று கேட்டாளாம். கிளடிசுக்கு அது நெஞ்சில் குத்திவிட்டது. 'எங்களுக்குப் படுக்க இடமில்லை என்று சொல்லுறா' என்று போனை வைத்தவள், பாரிசில் இறங்கி, அக்கா வீட்டுப் பக்கம் திரும்பாமல், புருசனையும் இழுத்துக்கொண்டு ரெயிலேறிப் புரூஜுக்குப் போய்விட்டாள். போன இடம் பிடித்துப்போயிற்று. கோபத்தில் தொடங்கின பயணம் அப்படியே பழகிவிட்டது. அக்காவோடு அதற்குப் பிறகு பேச்சில்லை. றெஜினாவும் போன் எடுக்கவில்லை.

தொண்ணூற்றேழு மாசியில் நெஞ்சு நோ என்று ஆஸ்பத்திரிக்குப் போன கிளடிஸ் நாலாம் நாள் முடிந்துபோனாள். "அக்காவுக்கு அறிவிக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள் என்று எட்வேட் தமிழ்ப் பேப்பரிலோ ரேடியோவிலோ மரண அறிவித்தல் கொடுக்கவில்லை. கொடுத்தால் இரண்டு நாளில் பாரிசுக்குத் தெரிந்துவிடும். அடக்கத்துக்கு நாங்கள் பதினொரு பேர்.

பிறகு அந்தச் சுவரில் சத்தமே இல்லை. நான் சோறு கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கி வைப்பார். அடுத்த நாள் பார்த்தால் அப்படியே இருக்கும். ஆவணி மாதம் போனபோது மேசையில் இரண்டு ரிக்கற் கிடந்தது. கிளடிஸ் தைமாதமே எடுத்து வைத்தது. பாரிசில் இறங்கி ஸ்பெயினுக்குப் போகிற மாதிரி.

"போகேல்லை அக்கா," என்றார். "தனிய என்னத்தைப் பாக்கிறது?"

"பாரிசிலை இறங்கிறீர்தானே. றெஜினாவிட்டைப் போம். போய்ச் சொல்லும்."

"அவ வேண்டாம் எண்டவ."

"அவ சொன்னது உயிரோடை இருந்த கோபத்திலை. றெஜினா இப்பவும் தங்கச்சி இருக்கிறாள் எண்டு நினைச்சுக் கோவிச்சுக்கொண்டு இருக்கிறா. செத்தவளோடை ஒருத்தியைக் கோவத்திலை விட்டு வைச்சிருக்கிறது உமக்குத்தான் பாவம்."

"உங்களுக்கு விளங்காது அக்கா."

"எனக்கு எழுத்துத்தான் விளங்காது, மனிசரை விளங்கும்," என்றேன்.

பத்து நாள் அவர் என்னோடு பேசவில்லை. நானும் விடவில்லை. சோற்றோடு அதே சொல்லையும் கொண்டுபோய் வைத்தேன். பதினோராம் நாள் பெட்டியை இழுத்துக்கொண்டு போனார்.

திரும்பி வந்து அவர் சொன்னதைத்தான் சொல்கிறேன். றெஜினா வீடு ஐந்தாம் மாடி, லிப்ட் இல்லை. கதவைத் திறந்தவள் இவரைப் பார்க்கவில்லை. இவருடைய தோளுக்கு மேலால் படியைப் பார்த்தாளாம்.

"வாரும் எட்வேட். கிளடிஸ் எங்கை? மூச்சு வாங்குதோ?"

இவர் வாயில் வந்தது, "மெல்ல வாறா."

கதவை அகலத் திறந்துவிட்டு அவள் தேத்தண்ணி வைக்கப் போய்விட்டாள். இவர் வாசலிலேயே நின்றிருக்கிறார். மூன்று கோப்பையோடு அவள் வந்த பிறகுதான் சொன்னாராம். றெஜினா தட்டத்தை நிலத்தில் வைத்துவிட்டு அங்கேயே இருந்துவிட்டாள். பிறகு சொன்னாள்:

"எங்கை படுக்கிறது எண்டு கேட்டது, அவளுக்கு முதுகு நோ எல்லோ, கட்டில் ஒண்டு இரவல் வாங்கட்டோ எண்டு கேக்க வாயெடுத்தது. அவள் கேட்டு முடிக்க விடேல்லை."

அழவில்லையாம். விடிய எழும்பி, "ஸ்பெயின் வேண்டாம். அவள் முதல்முதல் போன ஊரைக் காட்டும்" என்றாளாம்.

புரூஜுக்குக் கூட்டிப்போனார். றெஜினா கோயிலையும் பார்க்கவில்லை, கோபுரத்தையும் பார்க்கவில்லை. "அவள் இருந்த இடம் எது?" என்று மட்டும் கேட்டாள். வாய்க்கால் கரையில் ஆட்கள் உட்காரப் போட்ட ஒரு மரவாங்கை எட்வேட் காட்டியிருக்கிறார். அதில் போய் இருந்தவள் பொழுதுபட்டு, குளிரெடுத்து, கடைசி ரெயிலுக்கு நேரமாகும்வரை எழும்பவில்லை. கையால் பலகையைத் தடவிக்கொண்டே இருந்தாளாம்.

"அது அந்த வாங்கு இல்லை அக்கா," என்றார் எட்வேட். "அவ இருந்த இடத்திலை இப்ப கார் விடுறதுக்குக் கட்டியிருக்கிறாங்கள். எனக்குச் சொல்ல வாய் வரேல்லை."

"இப்ப எடுத்துச் சொல்லும்," என்றேன். "போன் கிடக்குதுதானே."

அவர் எழும்பிப்போய் நான் கொண்டுபோன சோற்றைச் சூடாக்கினார். வருகிற செப்டெம்பரும் றெஜினா அதே வாங்குக்குப் போகவேண்டும் என்கிறாளாம். இவர் ஓம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.