காரம் கூடிப்போன அப்பளம்

காலை ஆறு இருபது. கரமனையாற்றில் குளித்துவிட்டுத் தெருவுக்குள் திரும்பியதும் முதலில் கண்ணில் பட்டது, அடுத்த வீட்டு வாசற்படியில் இருந்த அப்பளக் கட்டு. முந்தின நாள்தான் பழவங்காடி ஓட்டலுக்குப் போனது. சில அப்பளங்களை உருவிப் பார்த்துவிட்டு, அதே வாழைநாரால் திரும்பக் கட்டி அனுப்பியிருந்தார்கள்.

அந்த வீட்டு மாமி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இந்த மலையாள ஊருக்கு வந்து அதிக நாளாகவில்லை. சாலைக் கடைத்தெருவில் கணக்கு எழுதிய மாமாவுக்குக் கை கால் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அதன் பிறகு அந்த வீட்டில் உலை கொதித்தது அப்பளத்தால்தான். அந்த அப்பளத்தை வாங்கியது ஒரே ஒரு ஓட்டல்.

யுத்தம் முடிந்தும் கடைகளில் எதுவும் ஒழுங்காகக் கிடைக்காத காலம். உளுந்துக்கே அலைய வேண்டும். அப்பளத்தைப் பொரிக்கும்போது உப்ப வைக்கிற அப்பளக்காரம் வந்தால் வரும். வந்தாலும் பாதி சுண்ணாம்புத் தூள். மாமி அதைத் தானே செய்துகொள்ளத் தொடங்கினாள். வாழைமட்டையைக் காயவைத்து எரித்து, சாம்பலைப் பானைத் தண்ணீரில் கரைத்து, தெளிந்ததை வடித்து அதில் மாவு பிசைவாள்.

வாழைக்கு எங்கள் தெருவில் குறைவில்லை. நேந்திரங்காய் வறுவல் போட்டு விற்கும் எதிர்வீட்டு உப்பேரிக்காரர் தோலைக் கூடை கூடையாக ஆற்றங்கரையில் கொட்டுவார். கல்யாண வீட்டு வாசலில் கட்டிய வாழைமரங்களும் மறுநாள் அங்கே போய்த்தான் அழுகும். படித்துறையில் கால் வைத்தால் வழுக்கும். மாமி எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். சில மாதங்களில் கீழ்ப்படி வரை கல் தெரிந்தது.

தெரு இதை மெச்சவில்லை.

"கல்யாண வாழையை யாராவது கொளுத்துவாளோ? பொண்ணு நன்னா வாழ வேண்டாமா?" என்று கோடிவீட்டு மாமி கிணற்றடியில் எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள்.

"ஆத்தங்கரையில அழுகினா மட்டும் வாழ்ந்துடுவாளோ?" என்றாள் அப்பள மாமி, கயிற்றை விடாமல்.

மாமியின் கட்டுகளை ஓட்டலுக்குக் கொண்டுபோனவர் அந்த உப்பேரிக்காரர்தான். அவருடைய உப்பேரியும் அங்கேதான் போயிற்று. இரண்டையும் ஒரே சைக்கிளில் ஏற்றிக்கொள்வார். கரமனையிலேயே பிறந்தவர். தமிழில் தொடங்கும் வாக்கியம் மலையாளத்தில் போய் முடிவது அவருக்கே தெரியாது. மழை பிடித்த சில நாட்களில் முதல் கட்டு திரும்பி வந்தபோது அவர் சொன்னார்:

"காரம் ஜாஸ்தியாம் மாமி. கொறச்சு குறைக்கணும்னு மானேஜர் பறஞ்சார்."

மாமி மிளகைப் பாதியாக்கினாள். அதுவும் திரும்பி வந்தது.

"இப்பவும் காரமாம்."

"அவாளுக்கெல்லாம் நாக்கா, ரணமா?"

அடுத்த ஈட்டில் மிளகே இல்லை. "இதுக்குக் காகிதத்தைப் பொரிச்சுத் தின்னலாமே" என்று சொல்லிக்கொண்டே இட்டாள். அன்று காலை நான் படியில் பார்த்தது அந்தக் கட்டைத்தான். விடியும் முன்பே உப்பேரி இறக்கப் போனவர் கொண்டுவந்து வைத்திருந்தார். கூடவே ஒரு செய்தியும் வந்தது: இனி வேண்டாம், வேறு பப்படக்காரரை ஏற்பாடு செய்தாகிவிட்டது.

மாமி மாமாவுக்குக் கஞ்சி கொடுத்தாள். பிறகு கட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, "நானே போய்க் கேக்கறேன்" என்றாள். அதுவரை அவள் அந்த ஓட்டலைப் பார்த்ததில்லை. என் ஆபீஸும் அந்தப் பக்கம்தான். ஒரே பஸ்ஸில் போனோம். உப்பேரிக்காரர் சைக்கிளில் வந்து சேர்ந்தார்.

ஓட்டலின் பின்கட்டில் மாமி கட்டைப் பிரித்தாள். "மிளகு ஒண்ணுகூட இல்லே. வெளிச்சத்தில பிடிச்சுப் பாருங்கோ!"

மானேஜர் மலையாளி. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "மிளகோ? எரிவுன்னு ஆரு பறஞ்சு? எரிவில்லம்மா. காரம்! காரம்!"

சமையற்காரரிடம் இரண்டு தினுசிலும் ஒவ்வொன்றைப் பொரிக்கச் சொன்னார். புதிய பப்படக்காரருடையது வெளுத்து உப்பியது. மாமியுடையது செங்கல் நிறத்தில் சிவந்தது. "நோக்கு. வாயில வச்சா சோப்பு."

மாமி ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பேரிக்காரர் பக்கம் திரும்பினாள்.

"இவர் சொல்றது மிளகுக் காரமில்லே, அப்பளக்காரம், சாம்பல் காரம். நீங்க எந்தக் காரத்தைச் சொன்னேள்?"

"அவர் காரம்னார். நானும் காரம்னேன். ரெண்டு பாஷையிலயும் ஒரே வார்த்தைதானே மாமி?"

"ரெண்டு பாஷையிலயும் இருந்ததுதான் வினை" என்றாள் மாமி. மானேஜர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அடங்கும் முன்பே அவள் கேட்டாள்: "இன்னும் ஒரே ஒரு ஈடு. அதுவும் சிவந்தா நான் இந்தப் பக்கம் வரலை."

"ஒண்ணு. ஒண்ணு மாத்ரம்" என்றார் அவர்.

பஸ்ஸில் திரும்பும்போதே காரணம் தெரிந்துவிட்டதாக மாமி மாலையில் சொன்னாள். மழையில் வாழைமட்டை காயவில்லை. அதனால் உப்பேரி அடுப்பின் விறகுச் சாம்பலை வாங்கிக் கலந்திருந்தாள். அதில் எவ்வளவு காரம் இறங்கும் என்பது அவள் கைக்குப் பிடிபடவில்லை. வாழைச் சாம்பல் மட்டும் வேண்டுமென்றால் மட்டை காய வேண்டும். மழையோ விடுவதாக இல்லை.

உப்பேரிக்காரர் அன்றைக்கே தம் அடுப்புக்கு மேல் மூங்கிலால் ஒரு பரண் கட்டினார். நாள் முழுக்க எரியும் அடுப்பு. அதன் சூடு கூரை வழியாக வீணாகப் போய்க்கொண்டிருந்தது. மட்டைகள் அதில் சருகாகக் காய்ந்தன. "உங்க காரத்துக்கு என் விறகு" என்று அவர் மாமியைச் சீண்டினார். "எந்தக் காரத்துக்குன்னு தெளிவாச் சொல்லுங்கோ" என்றாள் மாமி.

திரும்பி வந்த அப்பளங்களை எங்கள் தெரு வெகுநாள் தின்றது. சோப்பென்று யாரும் முகம் சுளித்ததாகத் தெரியவில்லை. கோடிவீட்டு மாமிகூட ஒரு கட்டு வாங்கிப்போனாள்.

புதிய ஈடு, மிளகு போட்டே, ஓட்டலுக்குப் போயிற்று. திரும்பி வரவில்லை.

அந்த ஆவணியில் கோடிவீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது. மறுநாள் அந்த வாசலில் கட்டியிருந்த இரண்டு வாழைமரங்களும் உப்பேரி அடுப்பின் பரண்மேல் இருந்தன.