மரம் காயும் என்று நான் சொன்ன நாள்

மலாயாவில், ஜொகூர் ரெங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அப்போது நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். விடியற்காலைப் பெரட்டில் ஆட்களைப் பெயர் கூப்பிட்டுக் காட்டுக்கு அனுப்புவது என் வேலை. அதற்கு மேல் தோட்டத்தில் எனக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. ஆகாய விமானத்தைப் பற்றி எதைக் கேட்டாலும் சொல்லத் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். சிங்கப்பூரிலிருந்து வரும் பத்திரிகையில் விமானப் படம் ஏதாவது வந்தால் கத்தரித்து வைத்துக்கொள்வேன். சிகரெட் பெட்டிக்குள் வரும் விமானப் படங்கள் ஒரு தகர டப்பா நிறைய இருந்தன. உண்மையில் நான் பார்த்த விமானங்கள் மூன்றுதான். அவையும் பருந்து உயரத்தில் போனவை. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. அந்தச் சர்க்கரையாக நான் ஐந்து வருடம் சுகமாக இருந்தேன்.

அப்புறம் அவன் வந்து சேர்ந்தான். ரப்பர்ப் பாலை உறைய வைத்து ஷீட் போடும் ஸ்டோருக்குப் புதுக் கிராணி. ஜொகூர் பாருவில் படித்தவன், என்னைவிட நாலைந்து வயது இளையவன், கல்யாணமாகாதவன். வந்த இரண்டாம் நாள் என் வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்து பார்த்தான். ஒவ்வொரு படத்தையும் எடுத்து இது எந்த நாட்டுது, எத்தனை குதிரை சக்தி என்று சொல்லிக்கொண்டே போனான். இரண்டு படங்களுக்குப் பின்னால் நான் எழுதி வைத்திருந்தது தப்பு என்றும் சொன்னான். மரியாதையாகத்தான் சொன்னான். அதற்குப் பிறகு, "சிங்கப்பூர்ல ஒருவாட்டி இறக்கையத் தொட்டுப் பாத்திருக்கேன் அண்ணே. துணிதான். மேல ஏதோ பூசியிருக்காங்க, தட்டுனா மேளம் மாதிரி சத்தம் வருது" என்றான்.

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. தொட்டிருக்கிறான்! என் மனைவி அவனுக்கு இன்னும் இரண்டு தோசை கொண்டுவந்து வைத்தாள். ஐந்து வருடமாக என் விமானப் பேச்சைக் கேட்டுக் கொட்டாவி விட்டவள், "தம்பி, அது எப்படி கீழ விழாம நிக்குது?" என்று அவனைக் கேட்டாள். என்னை ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒரு மாதத்துக்குள் தோட்டமே அவன் பக்கம் சாய்ந்துவிட்டது. பால் நிறுக்க வரிசையில் நிற்கும் பெண்கள்கூட, "ஸ்டோர் கிராணியக் கேளுங்க, அவருக்குத் தெரியும்" என்று பேசிக்கொண்டார்கள். நான் பக்கத்தில் கணக்குப் புத்தகத்தோடு நின்றுகொண்டிருப்பேன்.

அப்படியிருக்கும்போதுதான் குளுவாங்கில் விமானக் காட்சி நடக்கப்போவதாகச் செய்தி வந்தது. பெரிய சண்டையில் பறந்த பழைய இரட்டை இறக்கை விமானம் ஒன்று, பழுது பார்த்துப் புதுச் சாயம் பூசி, சிங்கப்பூரிலிருந்து ரயில் தண்டவாளத்தையே அடையாளமாகப் பிடித்துக்கொண்டு வருமாம். குளுவாங் மைதானத்தின் மேலே குட்டிக்கரணம் அடித்துவிட்டு, தரையில் இறங்கிச் சனங்களைக் கிட்டே வந்து பார்க்க விடுமாம். எனக்கு இரண்டு வாரம் தூக்கமே இல்லை. கிட்டே விட்டால் நானும் தொடுவேன். தொட்டு வந்து, ஊரைக் கூட்டி வைத்துச் சொல்வேன்.

தோட்டத்தில் எல்லோரும் புறப்படத் தயாரானார்கள். துரையும் தாராளமாக இருந்தார். வேலை முடிந்தவர்கள் போகலாம், மழை பெய்து பால் வெட்டு இல்லையென்றால் எல்லோருமே போகலாம் என்றார். எனக்கு மட்டும் மத்தியானத்தோடு லீவு கொடுத்தார். ஸ்டோர் கிராணி, பால் வந்து, அது உறைய மருந்து ஊற்றி முடித்த பிறகுதான் நகர முடியும். வழக்கம்போல் விடியற்காலையில் வெட்டினால் அதெல்லாம் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும்.

"ஒண்ணாவே போலாம் அண்ணே. நான் உங்களுக்கு எல்லாத்தையும் காட்றேன்" என்றான் அவன்.

எனக்கு! எல்லாத்தையும்! அவன் கையை நீட்டி விளக்க, ஊர்ச் சனம் அவன் வாயைப் பார்த்து நிற்க, நான் ஓரத்தில் தலையாட்டிக்கொண்டு நிற்கும் காட்சி கண்முன் வந்து நின்றது.

காட்சி நாளன்று விடியும் முன்னே ஒரு தூறல் விழுந்து நின்றது. ஈரமான மரத்தில் கத்தி வைக்கக் கூடாது. பால் வெட்டுக் கோட்டில் ஓடி மங்குக் கிண்ணத்தில் விழாமல் பட்டையெல்லாம் பரவிப் போகும். அதனால் மழை பெய்த காலையில் கிராணி முதல் நிரை மரங்களுக்குப் போய்ப் பட்டையை உள்ளங்கையால் தேய்த்துப் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். கங்காணியோடு போய்த் தேய்த்துப் பார்த்தேன். கை நனைந்தது.

"வேல இல்லன்னு சொல்லிடுங்க, கிராணியாரே. சனங்க பிள்ளைங்களுக்குத் தலையெல்லாம் வாரி வச்சிருக்காங்க" என்றார் கங்காணி.

சொல்லியிருக்க வேண்டும். அதுதான் நியாயம். ஆனால் பெரட்டுக்களத்தின் ஓரத்தில் அவன் சலவைச் சட்டையோடு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது. நான்கு பெண்கள் அவனிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். வேலை இல்லையென்றால் அவன் காலை ரயிலிலேயே போய்விடுவான். இரண்டு மூன்று மணி நேரம் தள்ளி வெட்டச் சொன்னால் பால் ஸ்டோருக்கு வரவே இரண்டு மணியாகும். அவன் சாயங்காலம் வரை அங்கேயே கிடக்க வேண்டியதுதான். எனக்கோ மத்தியானம் லீவு.

"காத்து அடிக்குது. மரம் காஞ்சிடும். எட்டரைக்கு வெட்டு" என்றேன்.

கங்காணி மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஆட்களிடம் சொல்லப் போனார். களத்தில் யாரோ ஒருத்தி "அலமாக்!" என்று தலையில் கை வைத்தாள். வேலை இருந்தால்தானே அவர்களுக்குக் கூலி, நான் நல்லதுதான் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு வார்த்தைகூட நான் நம்பவில்லை.

அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்னிடம் வந்தான். சண்டை போடுவான் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

"பரவாயில்ல அண்ணே. நீங்க நல்லா பாத்துட்டு வாங்க. ஒண்ணு விடாம எனக்குச் சொல்லணும்" என்றான். இவன் நல்லவனாக வேறு இருந்து தொலைக்கிறானே என்று எனக்கு இன்னும் எரிந்தது.

மத்தியானம் நிறுவைப் புத்தகத்தைக் கங்காணியிடம் கொடுத்துவிட்டு ரயில் ஏறினேன். என் மனைவி வரவில்லை. அத்தனை பேர் வேலையில் இருக்கும்போது தான் மட்டும் வேடிக்கை பார்க்கப் போக வெட்கமாக இருக்கிறது என்றாள். குளுவாங் மைதானத்தில் திருவிழாக் கூட்டம். துரைமார்களுக்கு நாற்காலி, மற்றவர்களுக்குக் கயிற்றுக்குப் பின்னால் புல்தரை. நான் முண்டியடித்துக் கயிற்றுக்கே போய்விட்டேன். இறக்கை எந்தப் பக்கம் வந்து நிற்கும் என்றுகூடக் கணக்குப் போட்டு நின்றேன்.

மூன்று மணிக்கு மழை கொட்டியது. நான்கு மணிக்கு ஒரு போலீஸ்காரர் தகரக் குழலை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு, வானம் சரியில்லை, ஆகாயக் கப்பல் பாதி வழியில் திரும்பிப் போய்விட்டது, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்று மலாயில் கத்தினார். கூட்டம் கலைந்தது. நானும் கயிற்றை விட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். பிறகு ஒரே ஒரு ஆறுதல் தோன்றியது. நான் பார்க்காவிட்டால் என்ன, அவனும்தான் பார்க்கவில்லை. அந்த நினைப்பு ரயிலில் வரும் வழியெல்லாம் எனக்குக் கதகதப்பாக இருந்தது.

பொழுது சாயத் தோட்டத்துக்குள் நுழைந்தேன். ஸ்டோர் முற்றத்தில் ஒரே சிரிப்பும் கூச்சலும். தோட்டமே அங்கேதான் இருந்தது. என்னைக் கண்டதும் என் மனைவி ஓடி வந்தாள்.

"கப்பல் வந்துச்சுங்க! நம்ம தலைக்கு மேல! அத ஓட்டுற ஆளு சிரிச்சாரு, பல்லு தெரிஞ்சிது எனக்கு!"

இரண்டரை மணி சுமாருக்கு, பால் வாளிகளோடு எல்லோரும் நிறுவை வரிசையில் நின்றிருக்கும்போது, விமானம் மேகத்துக்குக் கீழே மரத்தலையை உரசுவதுபோல் வந்திருக்கிறது. வடக்கே மழை கட்டி நின்றதால் அதற்கு மேல் தண்டவாளம் தெரியவில்லை போலிருக்கிறது. திறந்தவெளியாக இருந்த எங்கள் முற்றத்துக்கு மேலேயே மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுத் தெற்கே திரும்பிவிட்டது. இரண்டு இறக்கைக்கும் நடுவில் கம்பிகள் தெரிந்ததாம். தோல் தொப்பி போட்ட ஆள் கையை ஆட்டினாராம். இரண்டு பெண்கள் வாளிப் பாலைக் கொட்டிவிட்டார்களாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

தன் மூக்கை அறுத்துக்கொண்டாவது எதிரிக்குச் சகுனத் தடை செய்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என் விஷயத்தில் மூக்கு மட்டும்தான் போனது.

அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, நனைந்த என் கைகளைப் பிடித்துக்கொண்டான்.

"உங்களாலதான் அண்ணே! நீங்க மட்டும் வேல இல்லன்னு சொல்லியிருந்தா நாங்க எல்லாரும் குளுவாங்ல மழையில நின்னுருப்போம். ஆனா நீங்க இல்லாம போயிட்டீங்களே. சத்தம் கேட்டதும் உங்களத்தான் தேடுனேன். பக்கத்துல விஷயம் தெரிஞ்ச ஆளு ஒருத்தர்கூட இல்ல" என்றான்.

சனங்களெல்லாம் என்னை நன்றியோடு பார்த்தார்கள். கங்காணி மட்டும் தரையைப் பார்த்தார். அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"இஞ்சின் சத்தம் எப்படி இருந்துச்சு?" என்றேன். அவன் வந்த இத்தனை நாளில் நான் அவனிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு வாயாலேயே போட்டுக் காட்டினான். தூரத்திலிருந்து வருவது, தலைக்கு மேலே வருவது, திரும்பிப் போவது எல்லாம் வந்தது. எனக்கு அவனை அந்த இடத்திலேயே அறைய வேண்டும்போல் இருந்தது. இன்னொரு தடவை போடச் சொன்னேன்.