மிச்சம் கெடந்த நாலு நிமிஷம்

கேசட்டுல பாட்டு பதியுறது பெரிய வித்தை இல்லீங்க, பதிஞ்ச பாட்டுக்கு அர்த்தம் சொல்லி உயிர் பொழைக்கிறதுதான் தொழிலே. எம்பதுகள்ல என்னை மாதிரி கேசட்டுக் கடை வச்சு நொந்துபோனவங்களுக்கு இது புரியும். நான் படிச்சது நாலாங்கிளாசு. காரைக்கால்ல என்கிட்ட வந்து அர்த்தம் கேட்டாங்கன்னா, அவங்க கஷ்டத்தைப் பாத்துக்குங்க.

கோட்டுச்சேரிக் கிளி

சீட்டுல பாட்டு எழுதிட்டு வருவாங்க. எல்லாத்தையும் பதிஞ்சப்புறமும் கேசட்டுக் கடைசியில நாலஞ்சு நிமிஷம் மிச்சம் கெடக்கும். வெறுமனே விட்டா "ஏமாத்துறியா"ம்பாங்க. அதனால அளவுக்கு எது உக்காருதோ அதை நானே போட்டு ரொப்பிடுவேன். தையக்காரன் ஒட்டுத்துணி வைக்கிற மாதிரிதான். நெறம் பாக்குறதில்ல, அளவு மட்டும்.

கோட்டுச்சேரி விவசாயி ஒருத்தரு பக்திப் பாட்டா பதிஞ்சு வாங்கிட்டுப் போனாரு. மிச்சத்துக்கு நான் வச்சது, கூண்டைத் தொறந்துக்கிட்டு கிளி பறக்குற பாட்டு. மறுநாளு சைக்கிளுக்கு ஸ்டாண்டுகூட போடாம உள்ள வந்தாரு. பொண்ணுக்கு வரன் பாத்துக்கிட்டிருக்காராம், அது ஓடிப்போகப் போவுதுன்னு நான் சாடை சொல்றேனாம். "அது வெறும் கிளிங்க"ன்னு கும்பிட்டேன். "எந்தத் தெருக் கிளின்னு மட்டும் சொல்லு, நான் பாத்துக்கறேன்."

ரெஜினா அக்கா சீட்டு

ரெஜினா அக்கா வூட்டுக்காரரு பிரெஞ்சுப் பட்டாளத்துல சிப்பாயி, எங்க ஊரு பேச்சுல சொல்தா. கல்யாணமாகி மூணு வருஷம் அவரு அங்க, அக்கா இங்க மாமியாகூட. வர்ற கடுதாசியை மாமியா பிரிச்சுப் படிச்சிட்டுத்தான் குடுக்கும். போறதையும் படிச்சிட்டுத்தான் ஒட்டும். "என்னையும் கூட்டிட்டுப் போங்க"ன்னு எப்படி எழுதுறது? அதனால அக்கா பாட்டா அனுப்பும். மாமியா கேட்டுட்டு நல்லாருக்குன்னு தலையாட்டும்.

அந்தத் தடவை ஒம்பது பாட்டு. ஒம்பதாவது, உன்கூட இருந்து கஞ்சி குடிச்சாலும் போதும்னு ஒருத்தி கெஞ்சுற பாட்டு. சீட்டை நீட்டிக்கிட்டே அக்கா சொல்லுச்சு, "தம்பி, இதுக்கும் அவரு அசையலைன்னா நான் இங்கேயே கெடந்து மக்கிப்போயிடுவேன்."

வெறுங்கேசட்டு

மூணு மாசம் பதிலே இல்ல. அப்புறம் பிரான்சுலேருந்து ஒரு கேசட்டு வந்துச்சுன்னு அக்கா ஓடியாந்துச்சு. போட்டோம். வெறும் இரைச்சல். திருப்பிப் போட்டோம். அதே இரைச்சல். ஒரு மணி நேரம் ரெண்டு பேரும் அதையே கேட்டோம். "இதுக்கு என்ன தம்பி அர்த்தம்? பேச ஒண்ணுமில்லங்குறாரா?"ன்னுச்சு அக்கா.

அப்பத்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. அக்கா கேசட்டுலயும் நாலு நிமிஷம் மிச்சம் கெடந்துச்சே! யாருக்கு என்ன பதிஞ்சேன்னு எழுதி வைக்கிற நோட்டைப் பொரட்டுனேன். 'கதவைச் சாத்திட்டேன், இனிமே தட்டாதே'ன்னு ஒருத்தி அழுவுற பாட்டு. அளவு அச்சா உக்காந்துச்சுன்னு டீ வேற வாங்கிக் குடிச்சேன் பாவி. மறைக்காம சொல்லிட்டேன். அக்கா கேசட்டை எடுத்து மடியில வச்சுக்கிச்சு. "ஒம்பது பாட்டுல நான் தொறந்த கதவை நீ ஒரே பாட்டுல சாத்திட்டியே தம்பி."

பத்தாவது பாட்டு

அன்னிக்கே மைக்கை வாய்கிட்ட வச்சு, "அண்ணே, அந்தக் கடைசிப் பாட்டை அக்கா கேக்கல, நான் சொருகுனது, அக்கா மேல கோவப்படாதீங்க"ன்னு பதிஞ்சு பிரான்சுக்கு அனுப்பிட்டேன். அதுக்கப்புறம் போஸ்ட்மேன் சைக்கிள் மணி கேட்டா மேசைக்கு அடியில ஏதோ தேடுற மாதிரி குனிஞ்சுக்குவேன். யாராவது "மிச்சத்துல எதையாவது போடுப்பா"ன்னா வேர்த்துக் கொட்டும்.

ஒரு மாசம் கழிச்சு அக்கா வந்துச்சு. பின்னாலேயே வாட்டசாட்டமா ஒருத்தரு. சொல்தா அண்ணனேதான். நான் பின்வாசல் எங்கன்னு பாத்தேன். அக்கா சிரிச்சிக்கிட்டே கையில இருந்த பாஸ்போர்ட்டைக் காட்டுச்சு. அண்ணன் என் தோளைப் புடிச்சு உக்கார வச்சாரு. "ஒம்பதாவது பாட்டுலேயே எந்திரிச்சு இவளை அழைச்சுக்கிற பேப்பருக்கு ஓடிட்டேன்யா, பத்தாவதை எவன் கேட்டான்? எழுதுனா அம்மா படிச்சிடும்னுதான் வாயைத் தொறக்கல. வெறுங்கேசட்டு, இவ இன்னும் பாட்டு பதிஞ்சு அனுப்பட்டும்னு போட்டது. நீ அழுது அனுப்பினியே, அப்பத்தான் பத்தாவது பாட்டுன்னு ஒண்ணு இருக்குறதே எனக்குத் தெரியும்!"

அன்னையிலேர்ந்து மிச்ச எடத்தை வெறுமனேதான் விடுறேன், அதுக்கும் அர்த்தம் கேட்டு இதுவரைக்கும் ரெண்டு பேரு வந்தாச்சு.