அண்ணன் பிசைந்த சுஷி

போன சனிக்கிழமை மத்தியானம், பாளையங்கோட்டையில் என் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பச்சை மீன் தின்றேன். பிடித்ததா? பிடிக்கவில்லையா? இதை எழுதுகிற நிமிடம் வரைக்கும் சத்தியமாகத் தெரியவில்லை.

விஷயம் இதுதான். அண்ணன் மகள் ஷீபாவுக்கு ஒரு பையனைப் பிடித்துப்போனது. பெயர் டேனியல். விக்கிரமசிங்கபுரத்துப் பையன், அப்பா மில்லில் வேலை பார்த்தவர். படிப்பு, குணம், சபை – எல்லாம் பொருந்தி வந்தது. ஒன்றே ஒன்றுதான் இடித்தது. பையனுக்கு வேலை ஜப்பானில்.

"பச்சை மீனைத் திங்கிற ஊருல எம்பிள்ள என்னத்தட்டி திங்கும்?"

அண்ணன் தங்கச்சியான என்னிடம் கேட்டது இது ஒன்றைத்தான். மாதக்கணக்கில் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ரிட்டயர்டு கணக்கு வாத்தியார்... முகத்தில் விடையைக் காட்டவே மாட்டார். எங்கள் அப்பா அடக்கத்தன்றுகூட வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த மனிதர். அண்ணன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராதா என்று ஏங்கியே ஷீபா பாதியாகிவிட்டாள்.

லீவில் வந்த டேனியல்தான் வழி சொன்னான். "நான் அங்கன என்ன சாப்பிடுதேன்னு மாமாவே ஒருதடவை சாப்பிட்டுப் பாக்கட்டுமே!"

தூத்துக்குடியிலிருந்து ஐஸ் பெட்டியில் சூரை மீன் வந்தது. மற்ற சாமான் எல்லாம் ஜப்பானிலிருந்தே அவன் பெட்டியில் வந்திருந்தது. அப்பா அம்மாவோடு வந்தவன், நேரே மயினியின் அடுப்படிக்குப் போய், ஒரு குட்டி மூங்கில் பாயை விரித்துச் சோற்றைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டான். மயினி – அண்ணன் மனைவி – நிலைப்படியிலேயே நின்றாள். மருமகனாக வரப்போகிறவன் அடுப்படியில் நிற்பது ஒரு குழப்பம் என்றால், அடுப்பு எரியாமலே சமையல் நடப்பது அதைவிடப் பெரிய குழப்பம்.

"அடுப்பப் பத்தவைக்கட்டுமாப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

சுஷி மேசைக்கு வந்தது. வெள்ளைச் சோறு, நடுவில் சிவப்பாக மீன், சுற்றிலும் கறுப்பாக ஒரு தாள். ஊறவைத்த இஞ்சி, கிண்ணத்தில் சோயா சாஸ், ஓரத்தில் பச்சையாக ஓர் உருண்டை. டேனியலின் அப்பா ஜெபம் பண்ணினார். கொஞ்சம் நீளமான ஜெபம். இருக்காதா பின்னே?

மயினி முதல் துண்டை எடுத்தாள். கறுப்புத் தாளைப் பையப் பைய உரித்துத் தட்டோரத்தில் வைத்தாள். நியாயம்தானே? ஓலைக் கொழுக்கட்டையில் ஓலையையுமா தின்போம்?

"அத்தை, அதையும் சேத்துச் சாப்பிடணும். கடல்பாசி."

"பாசியா!" மயினி உரித்ததைத் திரும்பவும் சோற்றில் சுற்றப் பார்த்தாள். அது ஒட்டுவேனா என்றது.

டேனியலின் அப்பா "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்று சொல்லிக்கொண்டே எலுமிச்சங்காய் ஊறுகாய் கேட்டார். அவன் அம்மா பல்வலி என்று சொல்லித் தள்ளியே உட்கார்ந்துகொண்டார். ஷீபா "சூப்பர்" என்றாள்... ஒவ்வொரு துண்டையும் அவள் தண்ணீரோடு சேர்த்து விழுங்கியதை நான் பார்த்தேன்.

எனக்கு? ஆறிய சோறு. லேசான புளிப்பு. பழையதோ என்று நினைத்த நேரத்தில் மீன் வந்தது. கவுச்சியே இல்லை. வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போய்விட்டது. புரியவில்லை என்று இன்னொன்று எடுத்தேன். அப்போதும் புரியாமல் இன்னும் ஒன்று. பிடிக்காததை இப்படி யாராவது எடுப்பார்களா?

இப்போது எல்லோர் கண்ணும் அண்ணன் தட்டில். இவர் என்ன சொல்லப்போகிறார் என்பதில்தானே ஷீபாவின் கல்யாணமே இருக்கிறது!

அண்ணன் சுஷியை உடைத்தார். சோறு என்றால் பிசைய வேண்டும். குழம்பு இல்லையா? துவையலாவது வேண்டும். எங்கள் ஊர்க் கைக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பச்சை உருண்டையைக் கொத்தமல்லித் துவையல் என்று நினைத்து, முழுசாக எடுத்து, நன்றாகப் பிசைந்து, உருட்டி –

"மாமா, அது..." டேனியல் எழுந்துவிட்டான். அதற்குள் உருண்டை உள்ளே போய்விட்டது.

அது வசாபி. மிளகாய்க் காரம் நாக்கோடு நிற்கும். இது மூக்கு வழியாக நேரே உச்சி மண்டைக்கு ஏறும். கடுகளவு தொட்டுக்கொள்ள வேண்டியது.

சம்பந்தம் பேச வந்தவர்கள் முன்னால் துப்ப முடியுமா? அண்ணன் துப்பவில்லை. முகம் அசையவில்லை. கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் கொட்டியது... கன்னத்தில், சட்டையில், தட்டில். துடைக்கக்கூட இல்லை.

டேனியலின் அம்மா பதறிப்போய்விட்டார். "ஐயோ, அழாதீய அண்ணாச்சி! ஷீபா இனிமே எங்க வீட்டுப் பிள்ள. எந்த ஊருல இருந்தாலும் எம்மவன் அவளக் கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கிடுவான்!"

சொல்லிவிட்டு அவரும் அழுதார். மயினி அழுதாள். ஷீபா ஓடிவந்து, "சம்மதமாப்பா?" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அண்ணனால் வாயைத் திறக்க முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

சம்மதம் என்றா? இல்லை, தண்ணீர் கொண்டா என்றா? டேனியல் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். இரண்டு பேரும் மூச்சு விடவில்லை. அவன் அப்பா இன்னொரு ஜெபம் பண்ணினார். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது!

எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு வசாபி உருண்டையை நம்பியா பிள்ளையை அனுப்புவது? பின்வாசல் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்த அண்ணனிடம் போனேன்.

"நெசமாச் சொல்லுண்ணே. அந்தப் பச்சை உருண்டைதான?"

"ஆமாட்டி. மண்டைக்குள்ள தீய வச்ச மாரி இருந்துச்சு."

"மீனு எப்படி இருந்துச்சு?"

"அதுல மீனு வேற இருந்துச்சா?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டேன். "அப்ப நீ தலையாட்டுனது?"

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "காரம் ஒரு நிமிசத்துல அடங்கிட்டு. பெறவும் கண்ணு நிக்கல. அந்தம்மா சொன்னது சரியாத்தான் பட்டுது, தலைய ஆட்டிட்டேன். ஆனா ஏன் நிக்கலன்னுதான் எனக்கே தெரியல."

சொல்லும்போதே மறுபடியும் கலங்கிவிட்டது. கணக்கு வாத்தியார் விடை தெரியாமல் நின்று நான் பார்த்ததே இல்லை. அவர் துண்டை வாங்கி நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நான் ஒரு வாய் வசாபிகூடத் தொடவில்லை.

கல்யாணப் பந்தியில் மட்டன் பிரியாணிதான் என்று முடிவாகிவிட்டது. பச்சை உருண்டை கிடையாது – அழுவதற்கு அண்ணனுக்கு இனி அது தேவைப்படாது.