முடிச்சக்காவும் எட்டு வளையங்களும்

அந்த வட்டாரத்து டிரைவர்களுக்கு அவள் முடிச்சக்கா. அவள் புருஷன் ஒரு பிக்கப் வண்டி வைத்து வீட்டுச் சாமான், கடைச் சரக்கு என்று ஏற்றிப் போகிறவர். ஓட்டுவதில் சூரர். கை நீட்டினால் இரண்டு சுவரையும் தொடுகிற சந்துக்குள்ளும் வண்டியைப் பின்பக்கமாகவே எடுத்துப்போய் வாசலை ஒட்டி நிறுத்திவிடுவார். கயிறு கட்டத்தான் கை வராது. அவர் கட்டிய பீரோ பாதி வழியில் இறங்கி நடந்தே வந்துவிடும் என்று கூட்டாளிகள் கிண்டல் செய்வார்கள். அதனால் கல்யாணமான புதிதிலிருந்தே சரக்கு ஏற்றுகிற இடத்துக்கு அவளும் கூடப் போனாள். வண்டியின் பின்பக்கத் தொட்டித் தகட்டில் ஒரு காலை ஊன்றி, உடம்பை அப்படியே பின்னால் சாய்த்துக் கயிற்றை இழுத்து முடிச்சுப் போடுவாள். சுண்டினால் விண்ணென்று சத்தம் வரும்வரை விடமாட்டாள். அந்தப் பட்டப்பெயரில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. அவர் தனியாகப் போய் மரப்பட்டறையிலிருந்து கதவுகளை ஏற்றி வந்தார். ஒரு வளைவில் திரும்பும்போது கயிறு தொட்டியின் விளிம்பிலிருந்து வழுக்கி இறங்கியது. மேலே இருந்த கதவு சாலையில் விழுந்தது. பின்னால் ஸ்கூட்டரில் வந்த பெயிண்டர் பிரேக் அடித்துச் சறுக்கி விழுந்ததில் தோள்பட்டை எலும்பு முறிந்தது.

செய்தி கேட்டு அவளும் காய்ச்சலோடு எழுந்து புருஷனோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். கழுத்திலிருந்து கையைத் தூக்கிக் கட்டியிருந்த பெயிண்டர், கதவு தன் மேல் விழவில்லையே, அதுவரைக்கும் போதும் என்று இவர்களுக்கே ஆறுதல் சொன்னான். வீட்டுக்கு வந்து வண்டிச் சாவியை ஆணியில் மாட்டிய புருஷன் அதன்பிறகு அதைத் தொடவில்லை. யார் கூப்பிட்டாலும் வண்டியில் கோளாறு என்று சொல்லி அனுப்பினார்.

நீ கூடப் போயிருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். அவளுக்கும் அதே நினைப்புதான். காய்ச்சல் விட்டதும் வண்டித் தொட்டிக்குள் ஏறி நின்று பார்த்தாள். வெளிப்பக்கம் சின்னச் சின்னக் கொக்கிகள்; அதிலும் பாதி நெளிந்துபோயிருந்தன. உள்ளே கயிற்றைப் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை, வழவழவென்று தகடுதான். இத்தனை வருஷம் தன் கைச் சாமர்த்தியத்தில்தான் சரக்கு நின்றிருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் இல்லாவிட்டால் நிற்காத ஒன்றை எல்லோரும் சேர்ந்து கெட்டிக்காரத்தனம் என்று மெச்சியிருக்கிறார்கள். அவளும் மெச்சிக்கொண்டாள். அந்த நினைப்பு அவளைச் சும்மா விடவில்லை.

கிரில் பட்டறை வைத்திருந்த கொழுந்தனிடம் போனாள். தொட்டிக்குள் கயிறு கோக்க வளையங்களை வைத்துப் பற்றவைத்துக் கொடு என்றாள். அவன் முடியாதென்று தலையை ஆட்டினான்.

"அண்ணி, இது மெல்லிசுத் தகடு. பத்தவச்சா ஒரே இழுப்புல பிச்சுக்கிட்டு வந்துடும். துளை போட்டு, அடியில கனமா ஒரு இரும்புப் பட்டை குடுத்து, போல்ட் போட்டுத்தான் பிடிக்கணும்."

அப்படியென்றால் நானே செய்கிறேன், நீ சொல்லிக்கொடு என்றாள். எட்டு வளையங்கள், அதற்கேற்ற பட்டைகள், கயிற்றுக்குப் பதிலாக இழுத்து இறுக்குகிற பெல்ட்டுகள் எல்லாம் வந்து சேர்ந்தன. வீட்டு வாசலிலேயே வேலை ஆரம்பமானது. டிரில் சத்தம் கேட்டதும் ஜன்னலோரம் இருந்த அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். தன் வண்டியில் ஓட்டை விழுவதைப் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை.

முதல் துளையிலேயே சொதப்பினாள். அடியில் என்ன ஓடுகிறது என்று குனிந்து பார்க்காமல் டிரில்லை இறக்கிவிட்டாள். பின்விளக்குக்குப் போகிற ஒயர் அறுந்துபோனது. நல்லவேளை, டீசல் போகிற குழாய் இல்லை என்று சொல்லிச் சிரித்துவிட்டு, கொழுந்தன் பட்டறையைக் கவனிக்கப் போய்விட்டான். அவள் சாக்பீஸும் கையுமாக வண்டிக்கு அடியில் தவழ்ந்து, எங்கெங்கே துளை போடக்கூடாது என்று கோடு கிழித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இரண்டு கால்கள் வந்து நின்றன. அவர் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்து வந்தார். அறுந்த ஒயரை முறுக்கிச் சேர்த்து டேப் சுற்றினார். பிறகு எழுந்து போகவில்லை.

போல்ட் முடுக்க எப்படியும் இரண்டு பேர் வேண்டும். மேலே ஒருவர் போல்ட்டின் தலை திரும்பாமல் பிடிக்க வேண்டும், கீழே ஒருவர் நட்டை இறுக்க வேண்டும். அவள் மேலே ஏறினாள். துளைகளின் விளிம்பில் துருப் பிடிக்காமல் பிரைமர் தடவி, வளையத்தை வைத்து, ஸ்பேனரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கீழே அவர். நடுவில் தகடு. ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது.

மூன்றாவது வளையமோ என்னவோ, அடியிலிருந்து குரல் வந்தது.

"அன்னிக்கு நான் இறுக்கித்தாம்மா கட்டுனேன்."

அவள் ஸ்பேனரை விடவில்லை.

"தெரியும். கட்டுறதுக்கு அங்க எடமே இல்லைங்க. உள்ள வந்து பாத்தப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது."

கீழே நட்டு மறுபடி திரும்பத் தொடங்கியதை அவள் உள்ளங்கையில் உணர்ந்தாள்.

காலி மைதானத்தில் சோதனை நடந்தது. தண்ணீர் நிரப்பிய டிரம்களை ஏற்றி, நாலு மூலையிலிருந்தும் பெல்ட் போட்டு இறுக்கினாள். அவர் ஓட்டினார். வளைத்தார், ஒடித்தார், சடாரென்று பிரேக் போட்டார். டிரம்கள் அசைந்து கொடுக்கவில்லை. மறுநாள் சரக்குக்குப் போகலாம் என்று அவரே சொன்னார்.

செய்தி பரவியது. எங்கள் வண்டிக்கும் வளையம் போட்டுக் கொடு என்று டிரைவர்கள் வந்தார்கள். கொழுந்தன் பட்டறையை ஒட்டி ஒரு கொட்டகை இறக்கி அவள் அந்த வேலையையே தொழிலாக எடுத்துக்கொண்டாள். பெயிண்டரின் எலும்பு கூடிவிட்டது. ஆனால் அந்தத் தோள் சற்று இறங்கியேதான் நிற்கிறது. வழியில் பார்த்தால் அவன் கையை ஆட்டுவான். அவரும் ஆட்டுவார். அன்றைக்கு முழுதும் அதிகம் பேசமாட்டார்.

இப்போதும் தூரத்து லோடு என்றால் அவளும் போகிறாள். புறப்பட்ட கொஞ்ச நேரத்துக்குள் அவர் வண்டியை ஓரம் கட்டுவார். இறங்கிப் பின்னால் போய் ஒவ்வொரு பெல்ட்டையும் இழுத்துப் பார்த்து, தளர்ந்திருந்தால் அதன் பற்சக்கரத்தை இன்னும் ஒரு பல் இறுக்குவார். ஆரம்பத்தில் அவளுக்கு அது சுருக்கென்று தைத்தது. நான் கட்டியதில் இவருக்குச் சந்தேகமா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஒருநாள் பக்கக் கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். அவர் பெல்ட்டைப் பார்க்கவில்லை. பின்னால் ஸ்கூட்டர்கள் வந்துகொண்டிருந்த சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்கப்புறம் அவள் முகத்தைத் தூக்குவதில்லை. அவர் வந்து ஏறி, இருக்கையைச் சரிசெய்து, போகலாமா என்று கேட்கிறவரை கதவில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள்.