இருவருக்கு ஒரு பேய் அறை

மாமியார் இறந்து நான்கு மாதம்கூட ஆகாத நிலையில், மனைவிக்கு ஒரு மாற்றமாக இருக்கட்டும் என்று, பேய் உலவுவதாகப் பேர்போன ஓட்டல்களாகப் பார்த்துப் பார்த்து விடுமுறைப் பயணம் ஏற்பாடு செய்தவன் நான். இதைப் படித்ததும் உங்களுக்குத் தோன்றுவது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. நிறையப் படித்தவன் என்று டாலஸ் பக்கத்துக் காப்பெல் தமிழர்களிடையே எனக்கு ஒரு பேர் இருந்தது. படித்ததில் பாதி பேய்க்கதை என்பது அவர்களுக்குத் தெரியாது.

அவளால் ஊருக்குப் போக முடியவில்லை. கிரீன் கார்டு விண்ணப்பம் பாதி வழியில் இருந்தது. வெளிநாடு போய்த் திரும்புவதற்கான அனுமதி இன்னும் வரவில்லை. இப்போது போனால் எல்லாம் அம்போ என்று வக்கீல் சொல்லிவிட்டார். கோபிச்செட்டிப்பாளையத்தில் அவள் தம்பி கொள்ளி வைத்தான். டாலஸில் இவள் மறுநாளே வேலைக்குப் போனாள். அழவில்லை. அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பேச்செடுத்தால், "கராஜ் கதவை மூடுனீங்களா?" என்பாள். அந்த நாட்களில் எங்கள் கராஜ் அளவுக்குப் பத்திரமான இடம் டெக்சாஸில் வேறு இருந்திருக்காது. இவள் இப்படியே உறைந்துபோய்விடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. பயந்த மனுஷன் தனக்குத் தெரிந்ததைத்தானே செய்வான்?

சான் அன்டோனியோ ஓட்டலுக்கு போன் செய்தேன். "ஸ்மோக்கிங் ரூமா, நான்-ஸ்மோக்கிங்கா?" என்று ஒரு பெண் கேட்டாள். பேய் வரும் அறை என்றேன். கொஞ்சமும் அசராமல், "அது நான்-ஸ்மோக்கிங்தான், சார்" என்றாள்.

டிவியில் பேய்ப் படம் வந்தாலே எழுந்து போகிறவள் என் மனைவி. பயணத் திட்டத்தைச் சொன்னதும், "எப்பப் போறோம்?" என்று மட்டும் கேட்டாள். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். என் ரசனை அவளுக்கும் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

ஓட்டலின் வரவேற்பு மேசையில் வெள்ளைமுடிப் பெண்மணி ஒருவர் சாவியட்டையைக் கொடுத்துவிட்டுக் கதையைத் தொடங்கினார். நூறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் அறை இருந்த மாடியில் ஒரு சீமாட்டி இறந்துபோனாளாம். அவள் வருவதற்கு முன் ரோஜா சோப்பு வாசனை வருமாம். பல்லாயிரம் தடவை சொல்லிப் பதமாகியிருந்த கதை. என் மனைவி கவனமாகக் கேட்டுவிட்டு, அவளுடைய நிதானமான ஆங்கிலத்தில், "இறந்து எத்தனை நாள் கழித்து வர ஆரம்பித்தார்?" என்றாள்.

பெண்மணி விழித்தார். அவரை யாரும் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள். எனக்கு அப்போதுதான், அந்த நிமிஷத்தில்தான், புரிந்தது. ஓடிவிடலாமா என்றிருந்தது.

அறைக்குப் போனதும் அவள் பெட்டியைத் திறந்து ரைஸ் குக்கரை எடுத்தாள். சைவக்காரர்கள் டெக்சாஸில் காரில் போவதென்றால் ரைஸ் குக்கரும் கூட வரும், அதனால் நான் வித்தியாசமாக எதுவும் நினைத்திருக்கவில்லை. அரிசியும் பருப்பும், சின்ன வெங்காயமும், வரமிளகாயும் சேர்த்துக் குக்கரில் வேகவைத்தாள். கோபிப் பக்கத்து அரிசிம்பருப்புச் சோறு. வாசனை வெளியே போகாமல் இருக்க நான் கதவடியில் ஈரத் துண்டைத் திணித்தேன். அவள் தன் அம்மாவின் சேலை ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து நாற்காலியில் மடித்துப் போட்டாள். அதன் முன்னால் காகிதத் தட்டில் சோறு வைத்து, நெய் விட்டாள். தம்ளரில் தண்ணீர்.

"வாங்க, வெளிய நிப்போம்."

படையல் வைத்தால் கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் விலகி நிற்க வேண்டும். போனவர்கள் வந்து சாப்பிட வேண்டுமல்லவா? துண்டை விலக்கிவிட்டு வெளியே வந்து, மரியாதையாகக் கதவைச் சாத்தினேன். க்ளிக் என்றது. சாவியட்டை உள்ளே இருந்தது.

"கீழ போய் வேற கார்டு வாங்கிட்டு வந்துடறேன்" என்றேன்.

"இருங்க. அவசரப்படுத்தாதீங்க. எங்கம்மா மெதுவாத்தான் சாப்புடுவா."

அம்மா என்ற சொல்லை ஏறக்குறைய நான்கு மாதத்துக்குப் பிறகு அப்போதுதான் அவள் வாயால் கேட்டேன். அசையாமல் நின்றேன்.

மதிய நேரம். தொப்பி போட்ட ஒரு வயதான தம்பதி, பேய் பார்க்க வந்தவர்கள், கேமராவும் கையுமாக வந்தார்கள். நாங்கள் கதவைப் பார்த்தபடி நிற்பதைக் கண்டதும் அந்த அம்மாள் ரகசியக் குரலில், "அது இந்த அறையிலா?" என்று கேட்டார்.

"மை மதர் இஸ் ஈட்டிங்" என்றாள் என் மனைவி.

கிழவர் தொப்பியைக் கழற்றினார். கேமராவைக் கீழே இறக்கினார். இருவரும் எங்கள் பக்கத்தில் சுவரோரமாக நின்றுகொண்டார்கள். நாங்கள் நாலு பேரும் ரயிலுக்குக் காத்திருப்பவர்களைப் போல நின்றோம்.

கொஞ்சம் கழித்து அவள் தமிழில், என்னிடமா கதவிடமா என்று தெரியாமல், சொல்ல ஆரம்பித்தாள். "சோத்துல இருக்கற மொளகாயெல்லாம் ஒண்ணொண்ணா எடுத்து ஓரமா வெப்பா. புடிக்கலையாட்ட இருக்குதுன்னு நெனைப்போம். கடைசீல அது அத்தனையும் தின்னுபோட்டுத்தான் எந்திரிப்பா. ஏம்மான்னா, ‘காரத்தோட முடிக்கோணும்டி’ம்பா..." சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. என் தோளில் சாய்ந்து அழுதாள், சத்தமாக, கோபிக்கே கேட்கும்படி. தொப்பிக்காரரின் மனைவி கைப்பையில் துழாவி டிஷ்யூ கொடுத்தார். ஒன்றை அவளுக்கு, ஒன்றை எனக்கு. எனக்கு எதற்கு என்று கேட்க வாயெடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அப்புறம் நான் கீழே போய்ச் சொன்னதும் ஓட்டல் சிப்பந்தி வந்து கதவைத் திறந்துவிட்டான். தட்டு வைத்தபடியே இருந்தது. அவள் உட்கார்ந்து பிசைந்து எனக்கு ஒரு பங்கு கொடுத்தாள், சாப்பிட்டோம். மிளகாயை அவள் ஒதுக்கவில்லை. மற்ற ஓட்டல்களுக்கும் போனோம். அங்கெல்லாம் பேயைப் பற்றி யாரையும் எதுவும் கேட்காமல் நன்றாகத் தூங்கினாள்.

வீடு திரும்பிய ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு போன் செய்து, ஸ்பீக்கரில் போட்டு, எல்லாவற்றையும் சொன்னாள். படையல் வைத்ததை, கதவு சாத்திக்கொண்டதை, அழுததை. "அம்மா வந்திருப்பாளாப்பா?" என்றாள்.

அந்தப் பக்கம் மாமனார் ஒருமுறை தொண்டையைச் செருமினார்.

"ஈரோட்டு பஸ்ல ஏறுனாலே வாந்தி எடுப்பா சாமி உங்கம்மா. அவ எங்க அத்தாந்தூரம் வாரது?"